எங்கள் பாடு போய்விடும்

“தோமையார்கரை ஃபைலைக் குடுங்க சார். நான் பாக்கணும்.”

ஆக்னஸ் கேட்டது சத்தமாகவே விழுந்துவிட்டது. பக்கத்து மேசை சர்வேயர் தலையைத் தூக்கிப் பார்த்தார். தலைமை எழுத்தர் ஆவுடையப்பன் மட்டும் கையிலிருந்த சிவப்பு நீலப் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். நீல முனையைச் சீவி முடித்து, திருப்பிப் பிடித்துச் சிவப்பு முனையையும் சீவி முடித்து, தூளை ஊதிவிட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

“என்ன கேட்ட?”

“ஃபைலு சார்.”

“நீ வேலைக்கு வந்த முதல் நாளு உனக்கு நான் என்ன சொன்னேன்?”

“டைப் அடிக்கக் குடுத்ததை அடி, குடுக்காததைக் கேக்காதன்னு சொன்னீங்க.”

“அதுக்கு மேல?”

“ஃபைலை மட்டும் கேக்கவே கேக்காதன்னு சொன்னீங்க.”

“நல்லா ஞாபகம் இருக்குல்லா? போய் அடி.”

அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

மில்லர்புரத்தில் யாரோ ஒரு டாக்டர் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் அந்த அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. புதுத் துறைமுக வேலை மும்முரமாக இருந்த காலம். கப்பல் வந்து நின்றுவிட்டால் ஆயிற்றா, சரக்கு வெளியே போக ரோடு வேண்டாமா? துறைமுகத்தில் கிளம்பி, கடலை ஒட்டியே தெற்கே வந்து, திருச்செந்தூர் ரோட்டில் போய்ச் சேரும்படி ஒரு கிளைச் சாலைக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு நிலம் எடுத்துக் கொடுப்பதற்கென்று ஒரு தனித் தாசில்தார், ஒரு தலைமை எழுத்தர், ஒரு சர்வேயர், இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு டைப்பிஸ்ட்.

அந்த டைப்பிஸ்ட்தான் ஆக்னஸ். தோமையார்கரையில் பி.ஏ. முடித்த முதல் ஆள். ஆம்பிளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு ஒன்றரை வருஷம் காத்துக் கிடந்து பிடித்த வேலை. அதுவும் தற்காலிகம். தற்காலிகம் என்றால் ‘போ’ என்று சொல்வதற்கு எவனும் காரணம் தேடவேண்டியதில்லை. மார்ச் மாதம் நிரந்தரம் ஆகலாம் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை நம்பியே அவள் அண்ணன் கிளாட்வின் தினமும் காலையில் அவளை பஸ் ஏற்றிவிடும்போது, “ஏளா, நம்ம ஊரு ஃபைலு அங்கன கிடக்குன்னு தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கிடாத. வாய மூடிக்கிட்டு இரு, மார்ச் வரைக்கும்” என்பான். வாயை மூடுவது ஆக்னஸுக்குப் பிறவியிலேயே வராத காரியம். ஆனாலும் எட்டு மாதம் மூடியிருந்தாள்.

அன்று காலையில்தான் தலைமை எழுத்தர் அந்த நீளப் பட்டியலை அவள் மேசையில் வைத்தார். நிலமெடுப்புச் சட்டத்தின் ஐந்து-ஏ பிரிவுப்படி, வந்த மனுக்களைப் பற்றிய விசாரணை அறிக்கை. சாயங்காலத் தபாலில் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வரி. பதினேழாவது வரிக்கு வந்தபோது அவள் விரல் கூசியது. சொந்த ஊர்ப் பெயர். ‘தோமையார்கரை. சர்வே எண் 214-இல் 3. இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். கூட்டுப் பட்டா. தரிசு. நாற்பத்தொரு பேர் கூட்டு மனு.’ இதுவரை சரி. அதற்கு அடுத்த கட்டத்தில் தலைமை எழுத்தரின் உருண்டைக் கையெழுத்து இப்படி இருந்தது: ‘சாலை வந்தால் தங்கள் பாடு தீரும் எனத் தெரிவித்து, ஆவன செய்யுமாறு கோரியுள்ளனர். ஆதரவு மனு. நெடுஞ்சாலைத் துறையின் பதில் தேவையில்லை.’

‘பாடு தீரும்’ வரை அடித்துவிட்டாள். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. அப்படியே எழுந்து வந்துதான் ஃபைலைக் கேட்டாள்.

பாடு என்றால் ஊர் உலகத்துக்கெல்லாம் கஷ்டம், படாத பாடு. தோமையார்கரையில் அதுவா அர்த்தம்? கரைவலையை வளைத்துப் போட்டு, கரையில் நின்று இழுத்து ஏற்றும் இடத்துக்குப் பெயர் பாடு. அந்த இடத்தில் வலை போடுகிற உரிமைக்கும் பாடு என்றுதான் பெயர். கொடிமரப் பாடு, கல்லடிப் பாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு; இன்றைக்கு இந்தக் குடும்பம், நாளைக்கு அந்தக் குடும்பம் என்று முறை உண்டு. முறை மாறினால் வெட்டுக் குத்து வரைக்கும் போகும். பாடு இருக்கிற ஊரில் அடுப்பு எரியும். முத்துக்குளிப்பு நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனபிறகு, அந்த ஊருக்கு மிச்சம் இருந்தது இந்தப் பாடுதான்.

இனி, அந்த அலுவலகத்தில் ஆக்னஸுக்குப் பிடித்த ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவளுக்கு சர்க்கார் என்றாலே எரிச்சல். ஆனால் நிலமெடுப்பு விதிகளை மூன்று பிரதி டைப் அடித்துக் கொடுத்தபோது அதில் ஒரு விதி அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று அரசிதழில் அறிவித்த முப்பது நாளுக்குள், அந்த நிலத்தில் பாத்தியதை உள்ள யாரும் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் போதும், அதன் நகலை ரோடு போடுகிற துறைக்கு அனுப்பி ‘இதுக்கு உங்க பதில் என்ன’ என்று கேட்டே ஆக வேண்டும். பதில் வந்ததும் ஆட்சேபணைக்காரர்களைக் கூப்பிட்டு, துறை ஆளையும் கூப்பிட்டு, இரண்டு பேரையும் நேருக்கு நேர் வைத்து விசாரிக்க வேண்டும். கைநாட்டு வைக்கிற ஒரு மனுஷி, நெடுஞ்சாலை எஞ்சினீயரைப் பார்த்து ‘ஏன் இங்கன?’ என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லித்தான் தீரவேண்டும். கோட்டையில் உட்கார்ந்து சட்டம் எழுதினவர்களில் எவருக்கோ இப்படி ஒரு புத்தி இருந்திருக்கிறதே என்று அவளுக்கு அன்றைக்கு ஆச்சரியம். மூன்றாவது பிரதியை ஒரு பிழை இல்லாமல் அடித்தாள்.

ஆனால் மனுவை ‘ஆதரவு’ என்று எழுதிவிட்டால்? நகல் இல்லை, பதில் இல்லை, விசாரணை இல்லை. முப்பது நாளும் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. புது மனு கொடுக்கவும் வழி இல்லை.

“சார், பதினேழாவது அயிட்டம் தப்பு. அது ஆதரவு மனு இல்ல.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் ஆவுடையப்பன்.

“எங்க ஊரு சார்.”

“அதான் சொல்லுதேன். உங்க ஊருன்னா அந்தப் பக்கமே நீ திரும்பக் கூடாது.” சொல்லிவிட்டு, என்ன நினைத்தாரோ, பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஃபைலை உருவி மேசைமேல் போட்டார். “பாரு. நல்லாப் பாரு. பாத்துட்டுப் போய் அடி. தப்பு தப்புன்னு நீ கத்துறது தாசில்தார் காதுல விழணுமா?”

ஆக்னஸ் நாடாவை அவிழ்த்தாள். மனு மேலேயே இருந்தது. ‘மேற்படி இடத்தில் ரோடு வந்தால் எங்கள் பாடு எல்லாம் போய்விடும் என்பதைச் சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஐயா அவர்கள் தயவுகூர்ந்து ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.’ கீழே நாற்பத்தொரு கையெழுத்தும் கைநாட்டும்.

எழுத்துகள் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தன. அந்த எழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளேதான் எழுதியது.

யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்று வேண்டுமென்றே சாய்த்து எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, ஊரே கொடிமரத்தடியில் கூடி நின்றது. நாற்பத்தொரு குடும்பத்தில் பிழை இல்லாமல் எழுதக் கூடியவள் அவள் ஒருத்தி. சர்க்கார் ஆபீசில் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த ஆபீசுக்கே எதிராக மனு எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினாள். எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்து, ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை என்று பெருமைப்பட்டாள். ‘ரோடு இங்கே வேண்டாம்’ என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பாடு போய்விடும் என்று எழுதிய பிறகு அதற்கு மேல் என்ன எழுதுவது? வீட்டுக்குத் தீ வைக்கிறான் என்று எழுதிவிட்டு, ஆகவே அது கூடாது என்றும் எழுதுவார்களா?

“என்ன, படிச்சிட்டியா?” என்றார் ஆவுடையப்பன். “பாடு போயிரும்னு எழுதியிருக்கு. ஆவன செய்ங்கன்னு எழுதியிருக்கு. பஸ்ஸில்லாத ஊரு, ரோடு கேக்குதாவ. இதுல எங்கன தப்பு?”

“சார், உங்க ஊர் எது?”

“சிறீவைகுண்டத்துக்கு மேக்க. ஏன்?”

“அங்க பாடுன்னா என்ன?”

“என்ன கேள்வி இது? நடுகைக்கும் அறுப்புக்கும் நாங்க படுத பாடு பாடில்லையா?”

ஆற்றுப் பாசன ஊர். தோமையார்கரைக்கும் அவர் ஊருக்கும் இருபது மைல்தான். இருபது மைலுக்குள் ஒரு சொல் இப்படித் தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும் என்று படித்த படிப்பில் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவள் அர்த்தத்தைச் சொன்னாள். ஆவுடையப்பன் கேட்டார். கேட்டுவிட்டுப் பென்சிலை எடுத்து மறுபடியும் சீவத் தொடங்கினார்.

“நீ சொல்லுதே. உங்க ஊர்க்காரி நீ. உன் பேச்சை வச்சு நான் ரிப்போர்ட்டை மாத்தினா என் தலை உருளும்.”

“அப்ப யார் சொன்னா மாத்துவீங்க?”

அதற்குப் பதில் பின்வாசலிலிருந்து வந்தது. “மீனு வேணுமா, மீனேய்! சாளை, காரலு!”

மரியசெல்வி. கிளாட்வினின் மனைவி, ஆக்னஸுக்கு மைனி. முப்பது வயது. விடிந்ததும் கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, கூடையோடு பஸ் பிடித்து, மில்லர்புரம் முழுக்கத் தெருத் தெருவாக நடந்து, பன்னிரண்டு மணிக்கு இந்தப் பின்வாசலுக்கு வருவாள். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட ஆக்னஸைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை. “சார்மாரே, டைப் அடிக்கிற அம்மாவும் மீன் வாங்குவாவளா?” என்று கேட்டு, பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். வீட்டுக்குப் போனதும், “விசாரணை நோட்டீஸ் எப்பளா வரும்? நான் அந்த எஞ்சினீயரை நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்” என்பாள். வரும் மைனி வரும் என்று இவளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆக்னஸ் பின்வாசலுக்குப் போனாள். “மைனி, கூடையை இறக்கு. உள்ள வா.”

மரியசெல்வி திகைத்துப்போய் அவள் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக இந்த வாசலில் மைனி என்று கூப்பிடுகிறாள்.

“என்னளா ஆச்சு?”

“பாடுன்னா கஷ்டம்னு நினைச்சு, நம்ம மனுவை ரோடு வேணும்னு கேட்டதா எழுதிப்புட்டாவ. நான் எழுதின லெட்சணம் அப்படி. நோட்டீசும் வராது, ஒண்ணும் வராது. இன்னைக்குச் சாயங்காலம் ரிப்போர்ட் போயிரும்.”

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். இல்லாவிட்டால் படித்தவளைப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்டிருப்பார்கள். கேட்டால் தப்பும் இல்லை. மரியசெல்வி கூடையை இறக்கி, ஈரச் சாக்கால் மூடி, முந்தானையில் கையைத் துடைத்தாள். “தாசில்தாரு உள்ள இருக்காரா?” என்றாள். அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் தடுப்பதற்குள் அவள் அறைக்குள் போயிருந்தாள். பின்னால் ஆக்னஸ். அதற்குப் பின்னால், “ஏம்மா, ஏம்மா” என்றபடி ஆவுடையப்பன்.

தாசில்தார் வேலூர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து ஆறு மாதம். கடலைப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவர். “யாரும்மா நீ? என்ன விஷயம்?” என்றார்.

“தோமையார்கரை மரியசெல்வி, சார். மனுவுல ஒம்பதாவது கைநாட்டு என்னுது. பாடுன்னா என்னன்னு உங்க ஆபீசுக்குத் தெரியலையாம். காட்டிட்டுப் போயிருதேன்.”

மேசைமேல் ஃபைல் கட்டும் நாடா ஒரு கண்டு கிடந்தது. அனுமதி கேட்காமல் எடுத்தாள். சரசரவென்று உருவி நடுவில் அறுத்து, இரண்டு நீளத் துண்டுகளாக்கி, குப்பைக் கூடையின் விளிம்பில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கட்டினாள். கூடையைக் கொண்டுபோய் வாசல் நிலையோரம் வைத்தாள்.

“அது மடி. வலையோட பை. கடலுக்குள்ள கிடக்கு. இந்தக் கயிறை நீங்க பிடிங்க சார். அண்ணாச்சி, நீங்க அதைப் பிடிங்க.”

தாசில்தார் ஏன் எழுந்து வந்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அந்தக் குரலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு கயிறு அவர் கையில், இன்னொன்று ஆவுடையப்பன் கையில்.

“இழுங்க. கையால இழுத்தா வராது சார், உள்ள நூறு நூத்தம்பது மரக்கால் மீனு கிடக்கு. இடுப்புல சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால நடக்கணும். திரும்பிப் பாக்கக் கூடாது. கண்ணு மடி மேலயே இருக்கணும். மடி ஒரு பக்கம் சாஞ்சா மீனு அம்புட்டும் வெளியே போயிரும். நடங்க. நடங்க.”

குப்பைக் கூடை கரகரவென்று தரையில் ஊர்ந்து வந்தது. தாசில்தார் பின்னால் நடந்தார். ஆவுடையப்பன் பின்னால் நடந்தார். நாலாவது எட்டில் தாசில்தாரின் முதுகு இரும்பு பீரோவில் டமாரென்று மோதியது.

“நிக்காதீங்க சார். இன்னும் முந்நூறு அடி இருக்கு.”

“எங்கேம்மா போறது? பீரோ இருக்கே.”

“அதான் சார் உங்க ரோடு.”

வாசலில் சர்வேயரும் குமாஸ்தாக்களும் வந்து நின்றிருந்தார்கள். மரியசெல்வி குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

“பக்கத்துக்கு இருபது ஆளு. எல்லாவனும் முதுகைக் காட்டிக்கிட்டு நடந்து வாரான். நீங்க தரிசுன்னு எழுதியிருக்கியளே, அந்த ரெண்டரை ஏக்கரும் அதுக்குத்தான் கிடக்கு. அதுல ஒரு முள்ளுச்செடி முளைக்க விட்டுருக்கோமா, போய்ப் பாருங்க. நடந்து நடந்து மண்ணு மெழுகினாப்புல கிடக்கும். அதுல ரோடு போட்டா, பின்னால லாரி வாரது இவனுக்குத் தெரியுமா? லாரிக்காரனுக்குத்தான் தெரியுமா, இவன் திரும்ப மாட்டான்னு?”

ஆக்னஸ் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு குடும்பத்தின் வழக்கை மூன்று நிமிஷத்தில், இரண்டு முழ நாடாவிலும் ஒரு குப்பைக் கூடையிலும் இவள் முடித்துவிட்டாள். இதே விஷயத்துக்குத்தான் ‘சமூகத்துக்குப் பணிவுடன்’ என்று அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அவளுக்குத் தன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்தக் கோபத்தையும் தாண்டி, கை தட்டலாம் போல இருந்தது. தினமும் வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிற மைனிக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்றே!

தாசில்தார் நாடாவைக் கையில் சுருட்டியபடியே கேட்டார். “அப்போ உங்களுக்கு ரோடே வேண்டாமா?”

“யாரு வேண்டாம்னா? தலையில மீனைச் சுமந்து ரெண்டு மைலு நடந்து பஸ் பிடிக்கிறவ நான். மேக்க அறுநூறு அடி தள்ளி உவரு பூத்துக் கிடக்கு, சர்க்கார் பூமி. காக்கா கூட உக்காராது. அங்கன போடுங்க. முதல் பஸ்ஸுக்கு நான் மாலை போடுதேன்.”

சர்வேயர் கேட்காமலே வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். “மேற்கே புறம்போக்குதான் சார்,” என்றார். தாசில்தார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ரோட்டைத் தள்ளிப் போடுறது என் கையில இல்லம்மா. அதுக்கு நெடுஞ்சாலைக்காரங்கதான் பதில் சொல்லணும். ஆனா இது ஆட்சேபணையா இல்லையான்னு முடிவு பண்ண வேண்டியது நான்.” மனுவை எடுத்து, திருப்பி, கடைசிப் பக்கத்தின் அடியைப் பார்த்தார். “இதுல எழுதியவர் பேர் இல்லையே. கைநாட்டு வச்ச மனுவுக்கு அடியில எழுதினவர் கையெழுத்துப் போடணும். முப்பது நாள் முடிஞ்சப்புறம் மனுதாரர் வந்து, நாங்க சொன்னது வேற அர்த்தம்னு சொன்னா, பின்னால யோசிச்சுச் சொல்றாங்கன்னு அந்தத் துறை ஒரே வரியில தள்ளிடும். எழுதினவர் வந்து, அன்னைக்கு நான் இந்த அர்த்தத்துலதான் எழுதினேன்னு வாக்குமூலம் குடுத்தா நிக்கும். யார் எழுதினது?”

“தபாலாபீஸ் வாசல்ல ஒரு மனுசன், சார்,” என்றாள் மரியசெல்வி, கண் இமைக்காமல்.

“கூட்டிக்கிட்டு வா.”

“செத்துப் போனாரு.”

“எப்போ?”

“போன வாரம்.”

“பேர் என்ன?”

“செத்தவுக பேரை எதுக்கு சார் இழுக்கணும், பாவம்.”

குமாஸ்தா ஒருவர் சிரித்துவிட்டார். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக ஆக்னஸ் பென்சிலில் எழுதிக் கொடுக்கும் குறிப்புகளைப் படித்தவர் அவர். எழுத்தைச் சாய்க்கலாம், ‘ழ’வின் வாலை அவள் சுழிக்கிற சுழிப்பை என்ன செய்ய முடியும்? அவர் தொண்டையைக் கனைத்தார்.

“ஆக்னசு, இங்கன என்ன வேடிக்கை? போய் மத்த அயிட்டத்தை அடிச்சு முடி. போம்மா.”

குரலில் கடுப்பு இருந்தது. ஆனால் கண் வேறு சொல்லிற்று: தெரிந்துவிட்டது, நான் வாயைத் திறக்க மாட்டேன், நீ போய்விடு. அவளை எப்போதும் கடித்துக்கொண்டே இருக்கிற மனிதர். இப்படி ஒரு கதவைத் திறந்துவிடுவார் என்று அவள் நினைத்ததே இல்லை. போயிருக்கலாம். மார்ச் வர இன்னும் ஏழு வாரம்தான்.

“நான்தான் சார் எழுதினேன்,” என்றாள் ஆக்னஸ்.

மரியசெல்வி, “ஏளா!” என்று பல்லைக் கடித்தாள்.

தாசில்தார் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். “நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? இந்த ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டு…”

“தெரியும் சார். எழுதினது தப்புன்னு நான் நினைக்கல. எழுதின விதம்தான் தப்பு. பி.ஏ. படிச்சிருக்கேன், ‘ரோடு வேண்டாம்’னு ரெண்டு வார்த்தை எழுதத் தெரியல. எங்க ஊர்ச் சொல்லு எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன். வாக்குமூலத்தை இப்பவே அடிச்சுத் தாரேன்.”

யாரும் பேசுவதற்குள் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பட்டியலை உருவிவிட்டு வெள்ளைத் தாளைச் செருகினாள். ‘பாடு என்ற சொல் எங்கள் ஊரில் கரைவலை வளைத்து இழுக்கும் இடத்தையும் அதன் உரிமையையும் குறிக்கும். அந்தப் பொருளில்தான் நான் எழுதினேன். மனுதாரர்கள் நாற்பத்தொரு பேரும் மேற்படி நிலத்தில் சாலை போடுவதை ஆட்சேபிக்கிறார்கள்.’ இந்தத் தடவை ‘பணிவுடன்’ கிடையாது, ‘ஆவன’ கிடையாது. அடியில், எழுதியவர் என்று அடித்து, கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே ‘தற்காலிகத் தட்டச்சர்’ என்றும் தானே எழுதினாள். யாரும் பின்னால் கண்டுபிடித்த மாதிரி இருக்க வேண்டாம்.

தாசில்தார் இரண்டு தடவை படித்தார். பிறகு ஆவுடையப்பனிடம் கையை நீட்டி அந்தச் சிவப்பு நீலப் பென்சிலை வாங்கி, பதினேழாவது வரியில் ‘ஆதரவு’ என்பதை அடித்து ‘ஆட்சேபணை’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். “நகலை இன்னைக்கே நெடுஞ்சாலைக்கு அனுப்புங்க. பதில் வந்ததும் விசாரணைத் தேதி போடலாம். கலெக்டர் ஆபீசுக்குப் போற அறிக்கை நிக்கட்டும்.”

“சுருக்கம் எழுதினது நான்னு ஓரத்துல எழுதிருதேன் சார்,” என்றார் ஆவுடையப்பன். “கேள்வி வந்தா எங்கிட்ட வரட்டும்.” இருபத்தாறு வருஷ சர்வீஸ். அதில் தன் தப்பைத் தானே ஓரத்தில் எழுதிக்கொண்டது எத்தனை தடவை இருக்கும்? ஆக்னஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

“இப்போ உன் விஷயம்,” என்றார் தாசில்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. “ஒரு விளக்கம் எழுதிக் குடு. வருத்தம் தெரிவிச்சு. ஊர்க்காரங்க கேட்டாங்க, எழுதிக் குடுத்தேன், நிலமெடுப்பு விதி தெரியாதுன்னு. நான் மேலே பேசறேன். மார்ச் வரைக்கும் ஒண்ணும் ஆகாம பாத்துக்கலாம். ஒண்ணே ஒண்ணு. விசாரணை அன்னைக்கு நீ அந்தப் பக்கம் போய் நிக்கக் கூடாது. அன்னைக்கு லீவு போட்டுட்டு வீட்டுல இரு.”

பெருந்தன்மையான பேச்சுதான். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ‘விதி தெரியாது’ என்று மட்டும் எழுதினால் போதும். அந்த விதியை மூன்று பிரதி அடித்தவள் எழுத வேண்டும்.

அவள் மரியசெல்வியைப் பார்த்தாள். மைனி கண்ணாலேயே ‘சரின்னு சொல்லுளா’ என்று கெஞ்சினாள். எஞ்சினீயர் வந்து, இங்கிலீஷில் கணக்கும் கோணமும் பேசி, பத்துக் காகிதத்தை விரிப்பார். மைனி நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்பாள், சந்தேகமில்லை. அவள் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்க அந்தப் பக்கம் யார் இருப்பார்கள்?

“நோட்டீஸ் நாப்பத்தோரு பேருக்கும் போகும்லா சார்?” என்றாள் ஆக்னஸ்.

“போகும்.”

“பட்டாவுல எங்க அப்பா பேரு இருக்கு. இஞ்ஞாசி. செத்து நாலு வருஷம் ஆச்சு. நான் மக. எனக்கும் பாத்தியதை உண்டு. நாப்பத்திரண்டா ஆக்கி எனக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்க.”

தாசில்தார் தலைமை எழுத்தரைப் பார்த்தார். ஆவுடையப்பன் ஒரு துண்டுத் தாளை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார். “விலாசம்? ஆபீஸ் விலாசமா?”

“இல்ல சார். ஆக்னஸ், இஞ்ஞாசி மகள், கோயில் தெரு, தோமையார்கரை.”

அவர் எழுதினார். எழுதிவிட்டு, அதை ஃபைலுக்குள் வைத்து நாடாவைக் கட்டினார்.

விளக்கம் எதுவும் எழுதாமலே ஆக்னஸ் டைப்ரைட்டருக்கு உறை போட்டாள். பையை எடுத்தாள். பின்வாசலில் மரியசெல்வி கூடையைத் தூக்க முடியாமல் நின்று, “கிறுக்கி, கிறுக்கி, உங்க அண்ணன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?” என்று திட்டிக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் குனிந்து கூடையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்து அவள் தலையில் ஏற்றிவிட்டு, அவளுக்கு முன்னால் படி இறங்கித் தெருவில் நடந்தாள்.